முதல் பந்தி

சிதம்பரம் தெற்கு வீதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு தடுப்புக்கு ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். ஜெயசீலன் அதில் உட்கார்ந்திருக்க, வெண்மதி அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பல் கம்பெனியின் படிவத்தில் அவளுடைய பேர், அவள் அப்பா பேர், பாஸ்போர்ட் எண், பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாக அவன் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு வந்தான். "ஸ்பெல்லிங் சரியா டீச்சர்?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவள் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவள். அவன் தலைமுடியில் காலையில் வைத்த எண்ணெய் வாசனை அடித்தது. ஐந்து வருடக் கல்யாணத்தில் இப்படி அவனை ஒட்டி நின்ற மாதங்களை எண்ணினால் ஒரு வருடம்கூடத் தேறாது. அதனால் நிற்கக் கால் வலிக்கவில்லை.

அடுத்த வரி இரவுச் சாப்பாட்டைப் பற்றியது. குறிப்பிட்ட நேரமா, விருப்பப்பட்ட நேரமா என்று கேட்டிருந்தார்கள். அது வரைக்கும் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து அவளிடம் கேட்டுப் பூர்த்தி செய்தவன், இதற்கு மட்டும் கேட்காமல் மௌஸை நகர்த்தினான்.

"இதுக்கு ஃப்ளெக்ஸிபிள் போட்டுடறேன்."

"அப்படின்னா?"

"நெனச்ச நேரத்துக்குப் போயி சாப்புடலாம். மேல தனி ஹாலு. எந்த டேபிள் காலியா இருக்குதோ அங்க உக்காந்துக்கலாம்."

"இன்னொண்ணு?"

"அது ஃபிக்ஸட்டு. ஆறு மணின்னா தெனமும் ஆறு மணி. ஒரே டேபிளு, ஒரே ஆளுங்க, ஒரே வெயிட்டரு. உனக்கு போர் அடிச்சிடும்."

"நீ எதுல இருக்க?"

அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். அவன் திரையைப் பார்த்தபடியே, "ஃபிக்ஸட்டுலதான்" என்றான்.

"அத இப்ப போடாத."

"இன்னா வெண்மதி, ஒரு கிளிக்கு."

"போடாதன்னேன்."

அந்த ஒரு வரியை விட்டுவிட்டுச் சேமித்தார்கள். மாதக் கடைசி வரைக்கும் அவகாசம் இருந்தது. படி இறங்கும்போது அவன் முன்னால் போனான். வெண்மதி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள்.

ஜெயசீலன் வேலை பார்த்தது இரண்டாயிரம் பேர் ஏறும் உல்லாசக் கப்பலில், சாப்பாட்டு ஹாலில். தேவனாம்பட்டினத்தில் அவன் அப்பா கட்டுமரத்தில் போனவர். மகன் சிதம்பரத்துக்கு வந்து கேட்டரிங் படித்தான். அப்போதுதான் வெண்மதியைப் பார்த்தான். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆனவர்கள் மனைவியை ஒரு வாரம் கப்பலில் விருந்தாளியாக அழைத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியில் சலுகை தந்திருந்தார்கள். பள்ளிக்கூடம் லீவு விடும் மே மாதத்தை இருவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தார்கள். வருடாவருடம் மே மாதத்தில் அந்த வாரம்தான் லிண்டா வருவாள் என்பது வெண்மதிக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

லிண்டாவை அவள் நேரில் பார்த்ததில்லை, ஆனால் லிண்டாவைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. எல்லாம் அவன் சொன்னதுதான். புருஷன் செத்துப்போன வருடத்திலிருந்து தனியாகக் கப்பல் ஏறுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஜெய்யின் டேபிள்தான் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறாள். ஜெய் என்றால் இவன். ஜன்னல் பக்க நாற்காலி. ரொட்டிக்கு வெண்ணெய் ஆகாது. எலுமிச்சையைத் தனியாக வைக்க வேண்டும். காப்பியில் பால் கூடாது. சோல் என்று ஒரு மீன், நம்மூர் நாக்கு மீன் மாதிரி தட்டையாக இருக்கும். அதை அவள் கண்ணெதிரிலேயே முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கை படாமல் இரண்டு ஸ்பூனாலேயே நடுமுள்ளை முழுசாகத் தூக்கிவிடுவானாம். இதையெல்லாம் அவன் போனில் பெருமையாகச் சொல்வான், வேலையில் கெட்டிக்காரன் சொல்வதைப் போல. இந்த முனையில் கேட்டுக்கொண்டிருப்பவள் தன் சோற்றில் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பாள்.

ஐம்பது வயது இருக்கும் என்று சொல்லியிருந்தான். அவன் காட்டிய போட்டோவில் அப்படித் தெரியவில்லை. கழுத்து நீளம். உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் இவன் வெள்ளைக் கோட்டில் நிற்கிறான், அவள் கை அவன் சட்டைக் கையின் மேல் இருக்கிறது. விரலைக்கூட மடக்கவில்லை, சும்மா வைத்திருக்கிறாள். அந்தச் சும்மா வைத்திருப்பதைத்தான் வெண்மதியால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவை வந்தபோது, மேடம் உனக்குக் கொடுத்தாங்க என்று ஒரு நீலநிற ஸ்கார்ஃப் கொண்டுவந்தான். பூப்போல மெத்தென்று இருந்தது. பீரோவில் வைத்து, அதன் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று அவனுக்குத் தெரிந்த பெண்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவன் அம்மா. இன்னொன்று லிண்டா.

மேல வீதி வீட்டில் அவள் அம்மா ஞானாம்பாள் மாப்பிள்ளைக்கு இலை போட்டுக் காத்திருந்தாள். வெங்காய சாம்பார், சேனை வறுவல். இந்த வீட்டுக்குள் மீன் வாசனை வந்ததில்லை. வெண்மதி மட்டும்தான் அந்த வாசனைக்குள் போனாள். முதலில் பேசாமல் இருந்த அப்பா இரண்டு வருடம் கழித்து இறங்கி வந்தார். அக்கம்பக்கத்தில் மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார். கேட்பவர்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் அது அவர்கள் பாடு. "மே மாசம் இவளும் கப்பல்ல போறாளாமே" என்று அப்பா கேட்க, ஜெயசீலன் தலையை ஆட்டினான். அம்மா ரசம் ஊற்றும்போது அவன் இரண்டு கைகளையும் இலைக்குப் பக்கத்தில் அடக்கமாக வைத்திருந்ததை வெண்மதி பார்த்தாள். வாங்கிச் சாப்பிடும்போதுகூட பரிமாறுகிறவனின் கை.

தேவனாம்பட்டினத்து வீட்டுக்குத் திரும்பக் கடலூர் பஸ் ஏறினார்கள். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடத்தில் அவன் தூங்கிப்போய்த் தலை அவள் தோளில் சாய்ந்தது. அவள் தள்ளிவிடவில்லை. ஆனால் நகர்ந்து வசதியாகக் கொடுக்கவும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மாமியார் இருசம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மகன் கப்பலைப் பற்றிக் கேட்க அவளுக்கு எப்போதும் ஆசை. வெண்மதி சாப்பாட்டு நேர விவரத்தை அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஆறு மணிக்கு முதல் பந்தி, எட்டு மணிக்கு மேல் இரண்டாம் பந்தி, பந்திக்கு வராதவர்களுக்கு மாடியில் தனி இடம்.

"அங்கியும் பந்திதானா?" என்றாள் இருசம்மாள். "பொம்பளைங்கோ கடைசிப் பந்தியா?"

"இல்ல அத்த. பொம்பளைங்களுக்குத்தான் மொதல்ல வைப்பாங்களாம்."

"எம்புள்ள வைக்கிறானா?"

"உங்க புள்ளதான்."

இருசம்மாள் அடுத்த பூண்டை எடுத்தாள். "இங்க ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்ததில்ல, நாயி" என்று சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வெண்மதியும் சிரித்தாள். பிறகு, "அத்த, நாக்கு மீன் கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"அத எவ வாங்குவா. வலையில வந்தா ஓரமா போட்டு வைப்பாங்கோ. நீ மீனே திங்கமாட்டியே, உனக்கு எதுக்குடி?"

"சும்மா. கெடச்சா எடுத்துட்டு வாங்க."

புதன்கிழமை இருசம்மாள் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனாள். வெண்மதியைக் கூப்பிடவில்லை. போன வருடத்துக்குப் பிறகு இந்த மாதிரி விசேஷங்களுக்கு அவள் கூப்பிடுவதில்லை. கூப்பிடாததைப் பற்றிப் பேசுவதும் இல்லை. வெண்மதி பள்ளியிலிருந்து வந்து மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனபோது ஜெயசீலன் அங்கே இருந்தான். கடற்காற்றில் புடவைகள் அவன் மேல் வந்து அடித்தன. அவள் கிளிப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அடுத்ததையும் கொடுத்தாள். மாமியார் வீட்டில் இருந்தால் அவனை நீங்க என்பாள். இப்போது இல்லை.

"ஏன் ஃப்ளெக்ஸிபிள் போடச் சொல்ற?"

"சொன்னேனே. போர் அடிக்கும்."

"ஒம்போது மாசம் சுவத்தப் பாத்துக்கிட்டுத் தின்றது எனக்கு போர் அடிக்கல. ஒரு வாரம் உன்னப் பாத்துக்கிட்டுத் தின்னா போர் அடிச்சிடுமா?"

அவன் கிளிப்புகளை உள்ளங்கையில் உருட்டினான். "நீ உக்காந்துக்கினு இருப்ப. நான் கையக் கட்டிக்கினு நிப்பேன். எவனுக்காவது பொறந்தநாளுன்னா துண்ட சுத்திக்கினு ஆடணும். உங்க அப்பா அங்க மாப்ள கப்பல்ல இருக்காருன்னு சொல்லிக்கினு இருக்காரு."

"நீ ஆடறத காலேஜ் டேலயே பாத்துட்டேன். அத விடவா கேவலமா ஆடப்போற?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "உன் மேடம் வர்ற வாரம்தானே அது" என்றாள்.

சிரிப்பு நின்றது. இல்லை என்பான், சண்டை போடலாம் என்று நினைத்திருந்தாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"நீ நெனைக்கிறது கெடையாது வெண்மதி."

"நான் என்ன நெனைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? லிண்டா நெனைக்கிறதுன்னா தெரியும். எலுமிச்சங்கா தனியா வேணும், வெண்ண வேணாம்."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கடல் இருந்த பக்கமாகப் பார்த்துச் சொன்னான். போன வருடம் மே மாதம் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றபோது கரையில் இறங்கி அவளுக்குப் போன் செய்தானே, அந்த நாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நாலாம் மாதம் முடியும் முன்பே எல்லாம் முடிந்திருந்தது. சரி விடு, உடம்பப் பாத்துக்க, அழாத என்றான். போன் கார்டில் பணம் தீர்ந்து லைன் போனது. அன்றைக்கு ஆறு மணிக்கு முதல் பந்தி. லிண்டா சோல் கேட்டிருந்தாள். அவன் முள்ளை எடுத்தான், அது பாதியில் முறிந்தது. அப்படி முறிந்ததே இல்லை. என்ன ஜெய் என்று அவள் கேட்டாள். இவன் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அவ்வளவுதான். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் நின்று அழுதான். சூப்பர்வைசர் ஓடி வந்தார். நான்தான் அவனை ஏதோ கேட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்று லிண்டா அவரிடம் சொன்னாள். அவன் சட்டைக் கையின் மேல் அவள் முதன்முதலாகக் கை வைத்தது அப்போதுதான்; போட்டோ அந்த வாரக் கடைசியில் எடுத்தது. அந்த வாரம் முழுக்க, தினம் ஆறு மணிக்கு, உன் மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அந்த ஸ்கார்ஃப் அதற்காக வாங்கியது.

வெண்மதியின் கையில் அவனுடைய சட்டை ஒன்று இருந்தது. அதை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"எங்கிட்ட சரி விடுன்னு சொன்ன."

"நீ அந்தப் பக்கம் அழுவுற. நானும் அழுதா யாரு நிறுத்தறது?"

"யாரு நிறுத்தச் சொன்னா?"

அவள் அந்த நாட்களை நினைத்துப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தது. சரி விடு என்ற அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டது. அவனுக்கு ஒன்றுமே இல்லை, கடலில் போகிறவனுக்கு எல்லாம் தூரம்தான் என்று முடிவு கட்டி, அந்த முடிவோடு பழகி, அவன் வந்ததும் சிரித்துப் பேசவும் கற்றுக்கொண்டது. அவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்திருந்தான் என்றால் கத்தியிருக்கலாம், சிதம்பரத்துக்கு பஸ் ஏறியிருக்கலாம். இது அவளுக்கு வர வேண்டிய அழுகை. அவள் மடியில் விழ வேண்டியது. அதை இன்னொருத்தியின் வெள்ளை மேசைவிரிப்பில் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்த இன்னொருத்தி அதைப் பார்த்திருக்கிறாள். அவன் முகம் அழும்போது எப்படிக் கோணும் என்று லிண்டாவுக்குத் தெரியும். வெண்மதிக்குத் தெரியாது.

"அதுக்கு எதுக்கு என்ன மாடிக்கு அனுப்பற?" என்றாள். "பாத்தா என்ன, நன்றி சொல்லிட்டுப் போறேன்."

"அவுங்க பேரச் சொல்லிக் கேட்டுடுவாங்க."

"எந்தப் பேர?"

அவன் கிளிப்புகளை ஒவ்வொன்றாகச் சுவரின் மேல் வைத்தான். "பொண்ணுன்னு நெனச்சு ஒரு பேரு வெச்சிருந்தேன். உன்கிட்ட நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு அழுவுறப்ப வாயில வந்துடுச்சு. அவுங்களுக்கு ழ வரல. நாலு நாள் சொல்லிச் சொல்லிப் பாத்து, கடைசி நாளு சரியா சொன்னாங்க."

கீழே தெருவில் யாரோ ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வெண்மதி துணிகளை வாரி எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். அப்படியென்றால் அந்தப் பேரில் ஒரு ழ இருக்கிறது. தன் குழந்தையின் பேரில் தனக்குத் தெரிந்தது அந்த ஓர் எழுத்துதான். மிச்சமெல்லாம் எங்கோ ஓர் ஊரில் ஒரு வெள்ளைக்காரியிடம் இருக்கிறது.

அடுத்த இரண்டு நாளும் அவள் அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையல்கட்டில் மாமியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு தடவை பீரோவைத் திறந்து போர்வைக்கு அடியில் கையை விட்டு அந்த ஸ்கார்ஃபைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே எடுக்கவில்லை.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்காமல் எதிர்ப்பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனாள். விட்டுவைத்த வரி அப்படியே இருந்தது. குறிப்பிட்ட நேரம் என்பதை அழுத்தினாள். முதல் பந்தியா, இரண்டாவதா என்று கேட்டது. முதல் பந்தி. அதற்குக் கீழே இன்னொரு கட்டம் திறந்தது. யாரோடு சேர்ந்து ஒரே மேசையில் உட்கார விரும்புகிறீர்கள்? வெண்மதி கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டத்தில் துடித்துக்கொண்டிருந்த கர்சரைப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்தாள்.

"உன் மேடத்தோட முழுப் பேரு என்ன?"

"எதுக்கு?"

"யாரோட டேபிள்ல உக்காரணும்னு கேட்டிருக்கான்."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது. கடற்கரையில் நிற்கிறான் போல. வைத்துவிட்டானோ என்று அவள் போனைப் பார்த்தாள். பிறகு அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். தன் வகுப்புப் பிள்ளைகள் டிக்டேஷன் எழுதுவதைப் போல அவள் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். "அப்புறம்?" என்றாள். "அவ்ளோதான்" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது இருசம்மாள் முறத்தில் நாக்கு மீனைக் காட்டினாள். செருப்பு மாதிரி தட்டையாக நாலைந்து கிடந்தன. "அந்தோணிசாமி வலையில கெடச்சுது. காசே வாங்கல, நாய்க்கான்னு கேக்கறான்" என்றாள். வெண்மதி மிளகாயும் மஞ்சளும் தடவி முழுசாகவே பொரித்தாள். விளக்கு வைத்ததும் கூடத்தில் மூன்று தட்டு எடுத்துப் போட்டாள்.

ஜெயசீலன் மூன்று தட்டையும் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். இருசம்மாள் சமையல்கட்டு வாசலில் நின்று, "இன்னாடி, கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே மொதப் பந்தியா?" என்றாள்.

"நீங்களும் உக்காருங்க அத்த."

"எனக்கு நாடகம் போட்டுட்டான். நீங்க தின்னுங்க." தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி இருந்த அறைக்குப் போனவள், போகிற போக்கில் மகனைப் பார்த்து, "அவளுக்கு முள்ள எடுத்துக் குடு. எடுக்கத் தெரியாது" என்றாள்.

"யாருக்கு?"

"உம் பொண்டாட்டிக்குத்தான். வந்த புதுசுல தொண்டையில மாட்டிக்கினு, தெருவே வந்து நின்னு சிரிச்சுது. அன்னியிலேருந்து கொழம்பு மட்டுந்தான். உனக்குத் தெரியாது?"

டிவிச் சத்தம் கூடியது. ஜெயசீலன் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான். "அஞ்சு வருசமாவா?" என்றான்.

"நீ சாப்புட்டு எழுந்தப்புறந்தானே நான் சாப்பிடுவேன். உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் எழுந்துபோய் இரண்டு ஸ்பூன் கொண்டுவந்தான். மீனின் ஓரத்தை ஒன்றால் அழுத்திக்கொண்டு மற்றதை நடுவில் ஓட்டினான். சதை இரண்டு பக்கமும் விலகியது. நடுமுள் ஒரு சீப்பைப் போல முழுசாக எழுந்து வந்தது. அதைத் தன் தட்டின் ஓரத்தில் வைத்தான். வெள்ளைச் சதையை உடையாமல் அவள் தட்டுக்கு நகர்த்தினான். பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஒரு துண்டு எலுமிச்சை. எவ்வளவு பழகிய கை. யாருக்காகப் பழகியது என்று நினைக்கும்போதே அவளுக்குத் தொண்டையில் பழைய முள் ஒன்று குறுக்கே நின்றது.

"நான் ஃபிக்ஸட்தான் போட்டிருக்கேன்" என்றாள். "அவுங்க டேபிள்லயே. அவுங்க அந்தப் பேரச் சொல்றப்ப எனக்கு அது புதுசா இருக்கக் கூடாது. மே மாசம் வரைக்கும் டைம் இருக்கு."

அவன் தலையாட்டினான். ஸ்பூன்களைக் கீழே வைக்கவில்லை.

வெண்மதி மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு மென்றாள். இன்னொரு விள்ளல். பிறகு தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"முள்ளு இருக்கு."

"இருக்காதே."

"இருக்கு. திரும்பப் பாரு."

அவன் தட்டை டியூப் லைட் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு குனிந்தான். ஸ்பூனைப் போட்டுவிட்டு விரலாலேயே சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத் தடவிப் பார்த்தான். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினான். உதடு எதையோ சொல்லிப் பார்ப்பது போல அசைந்தது. வெண்மதி தன் இன்னொரு கையைச் சோற்றுக்கு அந்தப் பக்கம், அவன் சட்டைக் கையின் மேல் வைத்தாள். சும்மா, விரல்களை மடக்காமல். அவன் இல்லாத முள்ளைத் தேடிக்கொண்டிருந்தான்.